படா பாபு வந்த ஞாயிற்றுக்கிழமை

1931-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தந்தி ஆபீஸில் அப்பாவுக்கு அன்று ஞாயிறு முறை. விடிந்ததும் காபி, பிறகு குளியல், சந்தியாவந்தனம் எல்லாம் முடித்து, டிபன் சம்புடத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணி டிராமுக்குப் போய்விட்டார். அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, வாரத்துக்கு வேண்டிய அடுப்புக்கரியை உடைக்க உட்கார்ந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்கு மண்டையிடி. குங்குமத்தைத் துடைத்துவிட்டு நெற்றி நிறையச் சுக்குப் பற்றுப் போட்டிருந்தாள். கரி உடைப்பதற்கென்று வைத்திருந்த, சாயமும் கரையும் வெளுத்துப்போன பழைய புடவையைக் கட்டியிருந்தாள். எனக்கு ஏழு வயது. பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம்.

எங்களுடன் மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அந்த வருஷம் சணலை வாங்குவார் இல்லை. அரசாங்க ஆபீஸ்களில் சம்பளத்தைக் குறைத்தார்கள். கம்பெனிகளில் ஆளையே குறைத்தார்கள். மாமாவின் கம்பெனியை நடத்திய துரை ஈவிரக்கம் உள்ளவர் என்று பெயர். ஆகவே அவர் ஒரு விதி வகுத்தார்: குடும்பஸ்தர்களின் மேல் கை வைக்கக் கூடாது, பிரம்மசாரிகளைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். பிரம்மசாரியை நம்பி யாராவது ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால் அவனையும் குடும்பஸ்தனாகக் கொள்ளலாம்.

விதி நல்ல விதிதான். ஆனால் மாமாவின் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். வேலை ஓய்ந்துபோன தகப்பனார், தாயார், கல்யாணத்துக்கு நின்ற இரண்டு தங்கைகள். அது இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்த கூரை. கணக்கில் வரவில்லை. மாமாவின் பிரிவில் பிரம்மசாரிகள் இருவர். ஒருவர் போயாக வேண்டும். மாமா தம் அக்காவோடு இருப்பதாகச் சொன்னதால், அந்த வீட்டை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார் தலைமை குமாஸ்தா. அவரை ஆபீஸில் எல்லோரும் படா பாபு என்பார்கள்.

அவர் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே மாமா வீட்டை ஒரு பெரிய குடும்பமாக மாற்றிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து வராந்தாக் கொடியில் வரிசையாக உலர்த்தினார். ஒன்றும் நனையவில்லை.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"நிறையப் பேர் இருக்கற வீடுன்னு தெரியட்டுமே, அக்கா."

"துணியைப் பாத்தா வேலை குடுக்கப் போறார்? நாளைக்கு யார் இதையெல்லாம் மடிக்கறது? உன் படா பாபுவா?"

அப்போதுதான் மாடிப்படியில் குடை தட்டும் சத்தம் கேட்டது. சாயங்காலம் மருமகன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் படா பாபு காலையிலேயே வந்துவிட்டார்.

பருத்த உடம்பு, பஞ்சகச்சம், மூச்சு இரைப்பு. மாமா நாற்காலியைத் துடைக்க ஓடினார். படா பாபு என்னைக் கண்டதும் சிரித்து, "கூக்கி, இன்று உங்கள் வீட்டில் என்ன மீன்?" என்று வங்காளியில் கேட்டார். கூக்கி என்றால் பாப்பா. கல்கத்தாவில் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு குழந்தையிடம் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி அது. கீழ்வீட்டுப் பெண்களோடு விளையாடி எனக்கு வங்காளி நன்றாக வரும். அதைக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்ததே என்று உரக்கச் சொன்னேன்: "எங்கள் வீட்டில் மீனே கிடையாது. அம்மா கையால்கூடத் தொடமாட்டாள்!"

அவர் சிரிப்பு நின்றது. மீன் இல்லாததால் வருத்தப்படுகிறார் என்று எண்ணி, "கத்தரிக்காய் இருக்கிறது" என்று ஆறுதல் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அம்மா காபியோடு வந்தாள். புடவை மாற்ற அவளுக்கு நேரமில்லை. மதராஸ்காரக் குமாஸ்தாக்களைப் படா பாபு நிறையப் பார்த்திருந்தார். அவர்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்ததில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது இதுதான்: முக்காடில்லாத தலை, சிந்தூரம் இல்லாத வகிடு, குங்குமம் இல்லாத நெற்றி, சங்கு வளை இல்லாத கை, வெளுத்த புடவை. மீனைத் தொடமாட்டாள் என்று நான் வேறு சொல்லியிருந்தேன்; அவர்கள் ஊரில் மீனைத் தொடாதவர்கள் விதவைகள்தான். தாலிச் சரடு புடவைக்குள் மறைந்திருந்தது. காலில் மெட்டி இருந்தது. வங்காளத்தில் அதைத் தேடிப் பார்ப்பவர் யார்?

படா பாபு எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள்" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "நீ சரியான முட்டாளப்பா. விதவைச் சகோதரி, இந்தச் சின்னப் பெண். இரண்டு உயிர் உன் தலைமேல் இருக்கிறது. இதை ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னாயா? அக்காவோடு இருக்கிறேன், அக்காவோடு இருக்கிறேன் என்றால் எனக்கு என்ன புரியும்? என் வீட்டிலும் ஒரு தங்கை அப்படித்தான் வந்திருக்கிறாள்."

மாமாவின் வாய் திறந்தது. "இல்லை பாபு, அது…"

"நீ பேசாம இரு" என்றாள் அம்மா தமிழில். குரல் சற்றும் உயரவில்லை. "டம்ளர் சுடறது. அவருக்குத் துண்டை எடுத்துக் குடு."

மாமா துண்டை எடுத்துக் கொடுத்தார். படா பாபு காபியைக் கஷாயம் குடிப்பவர்போலக் குடித்து முடித்தார். என் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு பெப்பர்மிண்டு எடுத்துத் தந்துவிட்டுப் படியிறங்கினார்.

குடைச் சத்தம் ஓய்ந்ததும் மாமா, "அக்கா, அவர் என்ன நினைச்சுண்டு போறார் தெரியுமா?" என்றார்.

"தெரியும். அந்த வார்த்தையை எந்த பாஷையிலே சொன்னாலும் பொம்மனாட்டிக்குத் தெரியும்."

"டிராமுக்குத்தான் நின்னுண்டிருப்பார். ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்." மாமா ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டுவிட்டார்.

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே ஹௌராவுக்குப் போய் மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் வாங்கிக்கோ. ஊர்லே அப்பாகிட்ட என்ன சொல்றது, அந்த ரெண்டு பொண்களும் என்ன ஆகும்னு ரயில்லே யோசிச்சுண்டே போ."

மாமா ஒரு செருப்போடு நின்றார். பிறகு அதையும் கழற்றிவிட்டார்.

அம்மா நேரே குழாயடிக்குப் போய்ப் பற்றைக் கழுவினாள். வேறு புடவை மாற்றி, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக இட்டுக்கொண்டாள். "தலைவலி போயிடுத்தா?" என்று கேட்டேன். "போயிடுத்து" என்றாள். கரி பாதி உடைந்தபடியே கிடந்தது. அன்று அவள் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து தோசைக்கு உட்கார்ந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை, நடந்ததை ஒன்றுவிடாமல், படா பாபுவின் மூச்சு இரைப்போடு சேர்த்து நடித்துக் காட்டினார். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"செத்தும் குடுத்தவன்னு ஒருத்தனைச் சொல்லுவா. நான் சாகாமலே குடுத்துட்டேன், பாத்தியா!"

மாமாவும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அம்மா தோசைத் திருப்பியைக் கல்லின்மேல் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். கல்லில் இருந்த தோசை கருகும்வரை அவள் திரும்பி வரவில்லை. அப்பா சிரிப்பை நிறுத்தி, மாமாவைப் பார்த்தார். மாமா தட்டைப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் மாமாவின் வேலை நிலைத்தது. பிற்பாடு அவர் அதே கம்பெனியில் பல வருஷம் இருந்து, இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். வேலை போனது அந்தப் பிரிவின் மற்றப் பிரம்மசாரிக்கு. அவர் கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து வந்த இளைஞர், மெஸ்ஸில் தங்கியிருந்தவர். அவருடைய தாயார் ஆறுகளுக்கு அப்பால் வேறொரு கூரையின்கீழ் இருந்ததால் அவளும் கணக்கில் வரவில்லை என்பதை மாமா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

படா பாபு வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் வீட்டில் காலையில் முதல் காரியம் காபி. அன்று அப்படி இல்லை. நான் கண் விழித்தபோது அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அம்மா மஞ்சள் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு விளக்கின்முன் உட்கார்ந்திருந்தாள். அப்பா கிழக்கு நோக்கி ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். முந்தின இரவின் வேடிக்கை அவர் முகத்தில் இல்லை. அம்மா புதுச் சரட்டில் திருமாங்கல்யத்தைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். குங்குமம் இட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து அப்பாவை நமஸ்காரம் செய்தாள். அப்பா அவள் தலைமேல் அட்சதையைப் போட்டார். போட்ட கையை உடனே எடுக்கவில்லை.

"ஏம்மா மாத்தினே?" என்று கேட்டேன்.

"பழசு இத்துப்போச்சு" என்றாள் அம்மா. அடுப்பு மூட்ட எழுந்து போனாள்.

பழைய சரடு தட்டில் கிடந்தது. அதை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பலங்கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தேன். அறவில்லை. ஒரு இழைகூடப் பிரியவில்லை. நல்ல சரட்டை இத்துப்போனது என்று சொல்கிறாளே, அம்மாவுக்கு இதுகூடப் பார்க்கத் தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டு, அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன்.