மெர்சி அக்காவின் பீட்டில் விற்பனைக்கு இல்லை

மெர்சி அக்கா இன்று காலை போய்விட்டார். ஸ்ட்ரோக்...

சான் ஹோசேயில் என் முதல் ஆபீஸில் பக்கத்து சீட். தூத்துக்குடிக்காரர். நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய பீட்டில் கார் அவர் வீட்டு கராஜில்தான் நிற்கிறது.

அதை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று மதியத்துக்குள் ஆளாளுக்கு மெசேஜ். அக்காவை இன்னும் அடக்கம்கூடப் பண்ணவில்லை.

வாங்கப் போன அன்று, விற்றவர் என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். இவருக்கு ஆட்டோமேட்டிக் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கினார். தரைத்தகடு துருப்பிடித்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"அக்கா, ரோடு தெரியுது!"

"ரோடு தெரிஞ்சாத்தானட்டி ஓட்ட முடியும்?"

அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள்... யூடியூப் பார்த்து வெட்டினோம், வெல்டிங் பண்ணினோம், தப்பாகப் பூட்டினோம், மறுபடி கழற்றினோம்.

"வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அக்காவின் பதில்: "இருக்காங்க. உள்ள பிரியாணி செய்றாங்க."

கோவிலில் பூஜை போட வேண்டும் என்றது நான். எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது, சர்ச்சுக்குப் போகிற அக்கா.

"பழைய வண்டிக்கு எதுக்கும்மா பூஜை?" என்றார் பார்க்கிங்கில் நின்ற அங்கிள் ஒருவர்.

"எங்களுக்குப் புதுசுதான அங்கிள்" என்றார் அக்கா.

தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா சாவியைத் திருப்பினால்... சத்தமே இல்லை. அங்கிள் சிரித்தார்.

பட்டுப்புடவையோடு நானும் ஆபீஸ் தோழிகள் மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினோம். பழம் நசுங்கியது, அக்கா செகண்ட் கியரில் கிளட்சை விட்டார், வண்டி உறுமியது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் எங்களை ஏற்றாமலே கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அங்கிளுக்கு ஒரு ஹாரன்!

ஆகவே, கேட்கிறவர்களுக்கு. கார் இருவர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நான் போட மாட்டேன்.

அக்காவின் கணவர் ஜோசப் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "எடுத்துட்டுப் போய் ஓட்டும்மா" என்றார்.

சனிக்கிழமை சர்ச்சுக்கு அதில்தான் வருவேன். பெயிண்ட் அடிக்காமல், வெறும் ப்ரைமர் பூச்சோடு. சாவுக்கு இந்த வண்டியிலா என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கலர் சண்டை மட்டும் முடியவில்லை. அக்காவுக்குக் கிளிப்பச்சை, எனக்கு வெள்ளை.

போய் வாங்க அக்கா. கிளிப்பச்சைக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.