நெஷாத்தெல் ஏரியில் குகனின் மீனை நான் பிடித்தது

2014 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நெஷாத்தெல் ஏரியில் வாடகைப் படகு பிடித்து ட்ரவுட் மீனுக்குப் போனதைப் பற்றி இந்த வலைப்பதிவில் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருந்தேன். அதில் மீன் ஐந்து கிலோ, அலை ஆளுயரம், அடியேன் அரை மணித்தியாலம் தனியாளாகப் போராடியதாகவெல்லாம் இருந்தது. அந்தப் பதிவை நேற்று அழித்துவிட்டேன். வழியும் நேரமும் செலவும் உதவியாக இருந்ததென்று சிலர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்காக அவற்றைத் திரும்பத் தருகிறேன். மிச்சத்தை இந்த முறை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குகன் என் மனைவியின் தம்பி. சுவிஸின் பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒரு கண்ணில் கண்ணாடிக் குழாயை இடுக்கிக்கொண்டு எறும்பின் கால் அளவிலான உதிரிகளைப் பொருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சைக்கிளில் தூண்டில் தடியைக் கட்டிக்கொண்டு பீல் ஏரிக்கரைக்குப் போவான். அப்போதைக்குப் பதினொரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தான். அத்தனை வருஷமும் பிடித்ததையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் பூனைக்குக் காலைச் சாப்பாடு காணாது. அவனுக்கு ஒரே ஆசைதான்: ஆழத்தில் திரிகிற பெரிய ஏரி ட்ரவுட் ஒன்றை, ஒரே ஒன்றை, தன் கையால் ஏற்றவேண்டும். சால்மன் இந்த ஏரிகளில் கிடையாது. அதன் இனத்துச் சொந்தக்காரிதான் இந்த ட்ரவுட். கரையில் நிற்கிறவனுக்கு லேசில் அகப்படாது.

அவன் மகள் தாரணி அந்த வருஷம் பல் வைத்தியர் ஒருவரிடம் பயிற்சியை முடித்து முழுச் சம்பளத்தில் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளம் வந்ததும் அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு குட்ஷைன் வாங்கிக் கொடுத்தாள், படகுக்காரரிடம் காட்டுகிற அன்பளிப்புச் சீட்டு. இரண்டு பேருக்கு அரை நாள், 460 பிராங்க். சீட்டின் பின்பக்கத்தில், "அப்பா, இந்த முறை பெரிசு" என்று அவள் கையால் தமிழில் எழுதியிருந்தது. சுவிஸில் பிறந்த பிள்ளை, றகரத்தில் கொஞ்சம் தடுமாறியிருந்தாள். அவளும் கூடப் போவதாகத்தான் திட்டம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வேலை வந்துவிட்டது. குகன் எனக்கு ஃபோன் அடித்தான்.

"அத்தான், நீங்கள் வாறியளோ? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

"என்ன மச்சான் கேள்வி? நான் வாறன் எண்டு தெரிஞ்சால் மீனெல்லாம் வரிசையில நிண்டு படகில ஏறும்" என்றேன். அதற்கு முன் நான் பிடித்த மிகப்பெரிய மீன், எங்கள் ஊர் ஃப்ரிபூர்க்கில் மிக்ரோ கடை ஒன்றின் குளிர்பெட்டியில் இருந்தது.

வெள்ளி பின்னேரம் அவன் பீலில் இருந்து ரயிலில் ஃப்ரிபூர்க் வந்து எங்கள் வீட்டில் தங்கினான். பேர்னில் மாறி வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மறுநாள் காலை 5.40க்கு என் காரில் புறப்பட்டோம். ஃப்ரிபூர்க்கில் இருந்து எஸ்தவாயே ஊர்த் துறைமுகம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர், 35 நிமிஷம். காரில்லாதவர்கள் ரயிலில் வரலாம், ஆனால் நிலையத்தில் இருந்து துறைமுகத்துக்குக் கீழ்நோக்கிப் பத்து, பதினைந்து நிமிஷம் நடக்கவேண்டும். திரும்பும்போது அதுவே மேல்நோக்கி. கார் நிறுத்த 6 பிராங்க், சில்லறை கொண்டுபோங்கள். வெளியே இரண்டு பாகை குளிர். அதற்கு மேலே "பீஸ்" என்று இங்கே சொல்கிற வடகிழக்குக் காற்று. அதைப் பற்றி எத்தனை பொய் சொன்னாலும் போதாது. நான் மூன்று சட்டை, இரண்டு ஜக்கெட், ஒரு கம்பளித் தொப்பி போட்டிருந்தேன். துருவத்துக்குப் படையெடுக்கிற சக்கரவர்த்தி மாதிரி இருந்ததாக எனக்கு நினைப்பு. குகன் பார்த்துவிட்டு, "அத்தான், விழுந்தால் மிதப்பியள்" என்றான்.

படகுக்காரர் பெயர் மிஷெல். முன்னாள் தபால்காரர், பெருவிரல் ஒவ்வொன்றும் வெண்டிக்காய் தடிப்பு. ஒரு நாள் அனுமதிச் சீட்டை அவரே எடுத்து வைத்திருந்தார். 6.30க்குக் கயிற்றை அவிழ்த்தார். இந்த மீன்பிடியில் தூண்டிலை எறிந்துவிட்டுக் காத்திருக்கிற வேலை கிடையாது. படகு நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். இரண்டு பக்கமும் மிதக்கும் பலகைகள் நூல்களைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நூல் நுனியில் மீன் மாதிரி மினுங்குகிற தகடுகள். தடிகள் எல்லாம் பின்பக்கம் குத்தி நிற்கும். ஏதாவது கடித்தால் தடி வளையும், ரீல் கத்தும், முறைக்குரியவர் பாய்ந்து தடியை எடுக்கவேண்டும்.

முறையைப் பற்றி மிஷெல் புறப்படும்போதே சொல்லிவிட்டார். பிரெஞ்சில், விரல் நீட்டி: முதல் மீன் குகனுக்கு, சீட்டில் அவன் பெயர் இருப்பதால். இரண்டாவது எனக்கு. தலையாட்டினேன். விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை. இருபது வருஷமாக ஃப்ரிபூர்க்கில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குச் சாப்பாடு பரிமாறியவன்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. ஏரி ஈயம் மாதிரிக் கிடந்தது, அக்கரையில் ஜூரா மலையில் பனி. இடியப்பமும் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். மிஷெல் ஒரு இடியப்பத்தைத் தூக்கிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிக்கெடுக்கப் பொறுமையில்லாமல் யாரோ விட்ட தூண்டில் நூல் என்றார், பிறகு நாலு சாப்பிட்டார். குகன் ஐந்து சாப்பிட்டான். இந்த எண்ணிக்கை பின்னுக்குத் தேவைப்படும், அதனால் சொல்கிறேன். நான் சாப்பிட்டதை யாரும் கேட்கவேண்டாம்.

8.50க்கு இடப்பக்கத் தடி வளைந்தது. ரீல் கத்திய சத்தத்தில் நெஷாத்தெல் நகரமே எழும்பியிருக்கும். "குகன்!" என்று மிஷெல் கத்தினார். குகன் எழும்பித் தடியில் கை வைத்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன், அதை விவரிக்கப் போவதில்லை. பிறகு அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்:

"அத்தான், நீங்கள் பிடியுங்கோவன்."

இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அக்காவின் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது கதிரையானாலும் கோழிக்காலானாலும் முதலில் அவருக்கு நீட்டவேண்டும். அவர் "வேண்டாம், நீ எடு" என்று சொல்லவேண்டும். திரும்ப ஒருமுறை கேட்கவேண்டும், திரும்ப மறுக்கவேண்டும். அதோடு விஷயம் முடிந்து கதிரை உரியவனிடம் போய்விடும். கேட்கிறவனுக்கும் தெரியும், மறுக்கிறவனுக்கும் தெரியும். நானே ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கோப்பை தேத்தண்ணியை இப்படி மறுத்திருக்கிறேன். குகன் அன்றைக்குச் சொன்னது அந்தச் சொல்தான். வாய் தானாகச் சொன்னது. நான் "வேண்டாம்" என்று சொல்ல அரை நொடி போதும்.

நான் தடியை வாங்கிக்கொண்டேன்.

பதினொரு நிமிஷம். மிஷெல் மணி பார்த்துச் சொன்னது, அரை மணித்தியாலம் கிடையாது. அந்தப் பதினொரு நிமிஷமும் நான் உலகத்தில் தனியாக இருந்தேன். மீன் ஆழத்துக்கு இழுத்தது, நான் இழுத்தேன், நூல் பாடியது. குகன் படகு ஓரத்தில் முழங்காலில் நின்று, கையை முழங்கை வரை அந்தக் குளிர்ந்த தண்ணியில் விட்டு, வலையால் அதை அள்ளினான். மிஷெல் மீனின் தலையில் ஒரே அடி அடித்து உடனே கத்தி வைத்தார்; இங்கே சட்டம் அப்படி, மீனைத் துடிக்க விடக்கூடாது. 67 சென்ரிமீற்றர், மூன்று கிலோ நூறு கிராம். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகள். நான் அதைத் தூக்கிப் பிடித்தேன். படம் எடுத்தது குகன்.

மிஷெல் அவனிடம், "உங்கள் முறையல்லவா?" என்று கேட்டார்.

"இவர் என் அக்காவின் கணவர்" என்றான் குகன்.

மிஷெலுக்கு அந்தக் காரணம் விளங்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுச் சுக்கானுக்குப் போனார்.

அதற்குப் பிறகு 11.15 வரை ஒரு தடியும் அசையவில்லை. குகன் தடிகளுக்குப் பக்கத்திலேயே கையைத் தொடையில் வைத்தபடி இருந்தான். நான் அந்த நேரம் முழுக்க மீன் எப்படி இழுத்தது என்று அவனுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடலாமா என்று மிஷெலிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் தாரணி அடித்தாள். குகன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"அப்பா, பிடிச்சீங்களோ?"

"மூண்டு கிலோ, பிள்ளை! மாமா பிடிச்சவர்."

"நீங்கள்?"

"எனக்குப் படகில தலைசுத்திப் போச்சு. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வரப் பார்த்தது. அதுதான் மாமாவைப் பிடிக்கச் சொன்னனான்."

அவனுக்குத் தலை சுற்றவில்லை. ஐந்து இடியப்பம். எனக்காகத்தான் அந்தப் பொய். அந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொன்னேன்தான். ஃபோன் பக்கம் சரிந்து, "மூண்டு இல்லைப் பிள்ளை, அஞ்சு கிலோ!" என்றேன்.

அன்று இரவு பதினாறு பேர் எங்கள் வீட்டில் அந்த மீனைக் குழம்பாகவும் பொரியலாகவும் சாப்பிட்டார்கள். நான் கதை சொல்லச் சொல்ல, சந்தேகப்பட்டவர்களுக்கு, "ஓம், அத்தான் சொல்லுறது சரி" என்று குகன் சாட்சி சொன்னான். தாரணி மீனைத் தொடாமல் பருப்பும் சோறும் போட்டுச் சாப்பிட்டாள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள், பல் நோவாக்கும் என்று நான் பகிடி விட்டேன்.

எட்டு வருஷம் போனது. போன மாதம் தாரணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோடைக்கு எல்லாருமாக ஒரு படகு எடுப்போமா என்று நான் சும்மா கேட்டேன்.

"அப்பாவைக் கூப்பிடாதீங்கோ மாமா. அவருக்குப் படகு ஒத்துவராது. நான்தான் அண்டைக்கு யோசிக்காமல் வாங்கிக் குடுத்திட்டன். பாவம், எனக்காக ஏறி, நல்லாக் கஷ்டப்பட்டிட்டார்."

தன் முதல் சம்பளத்தில் அப்பாவை வருத்திவிட்டதாக அந்தப் பிள்ளை எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்குச் சட்டைதான். பீல் நகரத்தின் ஆண்கள் அனைவரும் மாற்றிப்போடக் காணுமளவு சட்டை அவனிடம் இருக்கிறது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவனும் பிறகு படகுப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையிலேயே நிற்கிறான்.

நான் அவளிடம் சொன்னேன். முறை யாருடையது, அவன் எப்படிக் கேட்டான், நான் எப்படி வாங்கினேன், எல்லாம். மீனின் சரியான நிறையையும் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எட்டு வருஷமோ, மாமா?" என்றாள்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லம்; இலையுதிர்காலத்தில் ட்ரவுட்டுக்குத் தடை வரும், பதிவு செய்யுமுன் திகதியைக் கேளுங்கள். ஒரு நாள் அனுமதி விலையில் அடங்குமா என்றும், எந்த நீளத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விடவேண்டும் என்றும் படகுக்காரரிடம் கேட்டு வையுங்கள். நான் சொன்ன விலை 2014 விலை, இப்போது கூடியிருக்கும். கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள், ஒன்று கட்டாயம் நனையும். தலைசுற்று வருகிறவர்கள் மாத்திரையைக் கரையிலேயே போடுங்கள். முறையைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டு, படகில் யார் எதை நீட்டினாலும் உங்கள் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

நேற்றுத் தாரணி அடித்தாள். அப்பாவிடம் கதைத்துவிட்டாளாம். இருவருமாக வருகிற மார்ச்சில் போகிறார்களாம், அதே துறைமுகம், அதே மிஷெல். நான் செலவைத் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். இரண்டாம் முறை கேட்டேன், அப்போதும் வேண்டாம் என்றாள், அது உண்மையான வேண்டாம். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்:

"படகில ரெண்டு பேருக்குத்தான் இடமாம், மாமா."

அந்தப் படகில் நாலு பேர் கால் நீட்டி இருக்கலாம்.

"ஓம் பிள்ளை," என்றேன், "சரியான சின்னப் படகு."