ரெக்ஸின் உடம்பு அளவு

விக்டோரியாவின் தெற்குக் கரையில் அலைச்சறுக்கு விளையாடுகிற பாதிப் பேர் ரெக்ஸ் மல்கேஹியின் உடம்புக்குள்தான் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சும்மா சொல்லவில்லை. மூடிப்போன ஒரு ரொட்டிக்கடையை வாடகைக்குப் பிடித்து, கடல் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடையான வெட்சூட்டை அவன் தைக்க ஆரம்பித்த புதிதில் அளவெடுக்க வேறு ஆள் இல்லை. தன்னையே கழுத்திலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே ஒட்டுநாடா போடச் சொன்னான். பிறகு அந்தக் கூட்டைக் கத்தரியால் வெட்டிப் பிரித்து மேசையில் விரித்தார்கள். அவன் தொடங்கிய ‘கேனட்’ கம்பெனியின் முதல் அளவு அதுதான். சுற்றியதும் வெட்டியதும் நோலீன் டிபெட். கத்தரி தொடையில் பட்டு அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

நோலீன் அதற்கு முன் கேரவன் வண்டிகளுக்குக் கூடாரத் துணி தைத்துக்கொண்டிருந்தவள். அவளும் ரெக்ஸின் உயரம், நல்ல அகன்ற இடுப்பு, எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற வாய். வெட்சூட் தைக்கும்போது ஊசி ரப்பரின் பாதிக் கனத்தில் திரும்பிவிட வேண்டும், மறுபக்கம் துளை விழக் கூடாது. விழுந்தால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். கூடாரம் தைத்த கைக்கு அது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

கம்பெனியில் ரெக்ஸ் வைத்தது ஒரே ஒரு சட்டம். புதிதாக எந்த வெட்சூட் வெட்டினாலும் அவன் அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கிப் பார்க்க வேண்டும். அவனுக்குக் குளிரவில்லை என்றால்தான் நெஞ்சில் கம்பெனி முத்திரையான கேனட் கடற்பறவை ஒட்டப்படும். குளிர்ந்தால் குப்பைக்கூடை. ஊரில் அதற்காகவே கேனட் வாங்கினார்கள். வாயால் அளக்கிறவன் இல்லை, போட்டுப் பார்த்துத்தான் விற்கிறான் என்று பேர் வந்துவிட்டது.

பேர் வந்த பிறகு கேட்க வேண்டுமா? பறவை போட்ட டீ-ஷர்ட் ஒன்று அடித்தார்கள், கால்சட்டை ஒன்று அடித்தார்கள். கடலையே கண்டிராத, கோதுமை விளைகிற உள்நாட்டு ஊர்ப் பையன்கள் எல்லாம் கேனட் சட்டை கேட்டுத் தாய்மார்களைப் பிய்த்து எடுத்தார்கள். நெடுஞ்சாலை ஓரம் புதுத் தொழிற்சாலை வந்தது. ஜப்பானுக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கு போனது. பெண்களுக்கு பிகினி, கோடைச் சட்டை, தொப்பி, பை எல்லாம் வந்தன. குளிர்கால வெட்சூட் மட்டும் வரவில்லை.

இதற்குள் நோலீனுக்கும் கடல் பைத்தியம் பிடித்திருந்தது. புருஷன் லென் மேற்கே இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அவன் போன வருஷம் ஒரு மத்தியானம், பழுதுக்கு வந்த வெட்சூட்டின் தையலைச் சோதிக்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பலகையில் எழுந்து நிற்கவே அந்தக் கோடை முழுக்க ஆயிற்று. ஆனால் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் அவள் லென்னை நினைக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு கடல் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

பிரச்சினை குளிர்காலம்தான். அந்தக் கரையில் நல்ல அலை வருவதே அப்போதுதான். அவள் போட்டுக்கொள்வதோ ரெக்ஸ் அளவு. இடுப்பில் இறுக்கும், முதுகில் தொளதொளக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஐஸ் தண்ணீர் கழுத்தில் நுழைந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கும். ஆண்கள் சாயங்காலம் வரை ஆடுவார்கள். நோலீனும் அவளோடு வருகிற பள்ளிக்கூட பஸ் டிரைவர் ட்ரூடியும் உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க, கொஞ்ச நேரத்திலேயே கரையேறி ட்ரூடியின் வண்டி ஹீட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்து அலையைப் பார்ப்பது இருக்கிறதே, அதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

ஒருநாள் தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். “ரெக்ஸ், பொம்பளைங்களுக்கு எப்பதான் குளிர்கால சூட் வெட்டப் போற?”

ரெக்ஸ் வாயில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை வைத்துக்கொண்டே சொன்னான். “யாருக்கு வெட்டறது நோல்? ஜூலை மாசக் குளிர்ல தண்ணியில ஒரு பொம்பளையக் காட்டு பாப்போம்.”

“சூட் இல்லாம எப்படிப்பா இறங்குவாங்க? விறைச்சுச் சாகவா?”

“நீதான் இறங்கறியே, என் சைஸ்ல. உனக்குச் சரியாத்தான இருக்கு?”

“உன் சைஸ் எனக்குச் சரியா இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?”

“அது எப்படி இருந்தாலும், நான் போட்டுப் பாக்காம எதுலயும் பறவை ஒட்ட மாட்டேன். சட்டம்னா சட்டம்.”

“அப்போ அந்த பிகினி எல்லாம் நீ போட்டுப் பாத்துத்தான் அனுப்பினியா?”

கூடம் கொல்லென்று சிரித்தது. ரெக்ஸும் சிரித்தான், காது மட்டும் சிவந்தது. “அது துணி. இது குளிர். ரெண்டையும் போட்டுக் குழப்பாத,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

நோலீன் அதோடு விடுகிறவள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ட்ரூடியை வீட்டுக்கு வரச்சொல்லி, தன் உடம்பைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றச் சொன்னாள். அந்தக் கூட்டை வைத்துக் குளிர்கால வெட்சூட் ஒன்றை வெட்டி, ஒட்டி, தைத்து முடித்தாள். முதலில் அதைத் தானே போட்டுப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் அவனுக்கு முன்னால் தான் போட்டுச் சட்டத்தை மீறினால் அதையே பிடித்துக்கொள்வான் என்று பேசாமல் இருந்தாள். கொண்டுபோய் அவன் மேசையில் போட்டாள்.

“புது அளவு. உன் சட்டப்படி போட்டுப் பாரு.”

தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அற்புதமா இருக்கு நோல்,” என்றான். யாருக்கு வெட்டியது என்று கேட்கவில்லை. அவனைப் பொறுத்தவரை வெட்சூட் என்றால் ஒரே உடம்புதானே!

தென்காற்று ஆளைத் தள்ளுகிற ஜூலைக் காலை. புது சூட் சோதனை என்றால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கரைக்குப் போவது வழக்கம். ரெக்ஸ் உள்ளே நுழையவே திண்டாடினான். தோள் பிடித்தது. நெஞ்சில் காலியாக ஒரு பள்ளம், இடுப்பில் பை போலத் தொங்குகிற இரண்டு மடிப்பு. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். முதல் அலையிலேயே இடுப்புப் பைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. எழுந்து நிற்கப் போனவன் பொத்தென்று விழுந்தான். மறுபடி விழுந்தான். வீம்புக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கரையேறியபோது தாடை ஆடியது, விரல் மடங்கவில்லை.

“யாருக்கு... யாருக்குடா வெட்டினது இதை?”

“எனக்குத்தான். என் உடம்புக்கு.” நோலீன் துண்டை அவன் தோளில் போட்டாள். “குளிருதா? முதுகுல இறங்குதா? எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் ரெக்ஸ். உன் சூட்டுக்குள்ள.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதுதான் தப்பாய்ப் போயிற்று. ரெக்ஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“என் ஆளுங்க முன்னாடி என்னைக் கோமாளியாக்கறியா? தண்ணி ஏறுது. குப்பையில போடு. அவ்வளவுதான்!”

நோலீன் குப்பையில் போடவில்லை. மடித்துத் தன் மெஷினுக்குக் கீழே வைத்தாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். தையல் வேலை எங்கேயும் கிடைக்கும். ஆனால் பறவை ஒட்டாத சூட்டை அந்தக் கரையில் யார் தைப்பார்கள், யார் வாங்குவார்கள்? அவன் மனசு வைக்காவிட்டால் அவளுக்கும் ட்ரூடிக்கும் கடல் கோடையோடு சரி, ஆயுசுக்கும். ‘வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ’ என்றுகூட நினைத்தாள். உடனே, ‘எதற்கு மூட வேண்டும்?’ என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ரெக்ஸுக்குச் சளி பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிந்தான். ஒரு மத்தியானம் அவள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நல்ல அளவா இல்லையான்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரியவும் தெரியாது. அதான் கஷ்டமா இருக்கு.” தும்மினான். “எடு அந்த சூட்டை. நீ இறங்கு. நான் கரையில நிக்கறேன்.”

“சட்டம்?”

“வாய மூடிட்டு வா நோல்.”

அலை நல்ல உயரத்தில், வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. நோலீன் கழுத்து வரை இழுத்து மூடினாள். ரப்பர் முதுகோடு ஒட்டி நின்றது. இடுப்புத் தண்ணீரில் நின்று, பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் அலைக்குள் தலையைக் கொடுத்தாள். முதுகில் ஒன்றும் இறங்கவில்லை. இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, கடலில் யாருக்குத் தெரியும்?

கரையில் ரெக்ஸ் காற்றில் நின்றான். புது சூட் ஒன்று தண்ணீரில் இருக்க, அவன் மணலில் நின்றது அதுதான் முதல் தடவை. கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். கொஞ்சம் போனதும் குதித்துக் குதித்து நின்றான். பிறகு பொறுக்க முடியாமல் வாயில் கை குவித்துக் கத்தினான். “நோல்! குளிருதா?”

இல்லை என்று அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ட்ரூடி வந்து சேர்ந்தாள். “கூப்பிட்டு ஏறச் சொல்லட்டுமா? இருட்டப் போகுது. நீ நடுங்குற.”

“வேணாம்,” என்றான் ரெக்ஸ். மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அவ இருக்கட்டும்.”

நோலீன் திரும்பியும் பார்க்காமல் பலகையில் படுத்து, அடுத்த அலையை நோக்கிக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.