பச்சைச் சாய நாளில் சிவப்புத் தண்ணீர்

எங்கள் வீட்டுப் பேய் பட்டப்பகலில்தான் வரும். கரண்ட் போனால் வரும். வந்து சாக்பீஸ் தின்னும்.

சாக்பீஸ் என்னுடையது. அதாவது, நான்காம் வகுப்பு டீச்சர் மேசையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தது. யார் அசந்து உட்கார்ந்திருந்தாலும் முதுகில் கழுதை வரைந்துவிட்டு ஓடுவதுதான் அப்போது எனக்கு முழுநேர வேலை. அதற்கான சரக்கைத் தறிக்கு அடியில் ஒரு பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். அது தினமும் குறைந்துகொண்டே வந்தது. திருடியதை யாரோ திருடுகிறார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் இரண்டு பவர்லூம், பின்பக்கம் நூலுக்குச் சாயம் போடும் தொட்டி. நைனாவும் சித்தப்பாவும் தறி ஓட்டுவார்கள். அம்மாவும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சின்னம்மாவும் சாயம் போட்டு, நூலைக் காயவைத்து, தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றுவார்கள். தறி ஓடும்போது வாயைக் காதில் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். கரண்ட் போன கணத்தில் எல்லாம் செத்ததுபோல் அடங்கிவிடும். அந்த அமைதிக்கு எங்களுக்குப் பழக்கமே கிடையாது.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்தச் சத்தம் கேட்டது. கரக். கரக். கரக்.

காயப்போட்ட பச்சை நூல் கற்றைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கற்றைகளுக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. உள்ளங்கையில் சிவப்பே இல்லை, பிழிந்து போட்ட துணிபோல வெளுத்திருந்தது. கற்றையை விலக்கினேன். சின்னம்மா குந்தியிருந்தாள். உதட்டில் சாக்பீஸ் மாவு. கண் என்னைப் பார்த்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. மிச்சத்தையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"டேய், யாருக்கும் சொல்லாதடா கண்ணு."

"பேயி சாக்பீஸ் துன்னுமா சின்னம்மா?"

"ஆங், துன்னும். ஸ்கூல்லேர்ந்து நாளைக்கு இன்னும் ரெண்டு எட்த்தாந்து குடு. கிருத்திகை முடியற வரைக்கும் வாயைத் தொறக்காத."

கிருத்திகை என்றால் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைப் படிகளில் அன்று பால்குடம் ஏந்தி ஏறுவதாகப் பிள்ளைவரத்துக்கு அவள் வேண்டிக்கொண்டு மூன்று வருடமாகியிருந்தது. முதல் வருடமும் அடுத்த வருடமும் சரியாக அந்த நாளில் அவள் 'தூரம்' ஆகிவிட்டாள். மாதவிலக்கை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நாட்களில் சாமியையும் தொடக் கூடாது, தறிப்பாவையும் தொடக் கூடாது. தொட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். போன வருடம் அம்மா வாய்விட்டே சொன்னாள், "சாமிக்கே இவ வரது புடிக்கல போலகீது." அன்று சின்னம்மா சாப்பிடவில்லை.

இதில் பாதி எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குள் ஒரு பேய் இருக்கிறது, அது என்னோடு சிநேகமாக இருக்கிறது என்பதுதான். தினமும் சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தேன். கோயில் யானைக்குக் கரும்பு கொடுக்கிற பெருமை எனக்கு.

பிறகு வாய்க்காலைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து சாயத்தண்ணீர் வெளியே போகிற வாய்க்கால் அது. என்ன சாயம் போடுகிறோமோ அந்த நிறத்தில் ஓடும். அந்த மாதம் முழுக்கப் பச்சை லுங்கிக்குத்தான் ஆர்டர். பச்சைத் தண்ணீரின் ஓரமாக, அதனோடு கலக்காமல், சிவப்பாக ஒரு கோடு நெளிந்துகொண்டு போனது. பக்கத்தில் யாரும் இல்லை. துவைகல் மட்டும் ஈரமாக இருந்தது. மறுநாளும் அந்தக் கோடு வந்தது. அதற்கு மறுநாளும்.

என் வகுப்புப் பையன்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அதில் ஒருத்தன் அங்கேயே டவுசரை நனைத்துவிட்டான்.

ஆடி பிறந்தது. தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறும் சின்னம்மா நான்காவது படியில் நின்றுவிடுவாள். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். காதுக்குள் தறி ஓடுகிறது என்பாள். அப்போது தறி ஓடிக்கொண்டிருக்காது.

அந்த வாரம்தான் ஸ்கூட்டியில் நர்சம்மா வந்தார். தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து, குழந்தைகளுக்கு ஊசி போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்று நான் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருந்தேன். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

"உள்ள வராதீங்க நர்சம்மா. எங்க வூட்ல பேய் கீது."

"அப்டியா! உன்னைவிட பெரிய பேயா? இன்னா பண்ணுது?"

"சாக்பீஸ் துன்னுது."

சிரித்தார். "வேற?"

"கையி வெள்ளையா கீது. நாலு படி ஏறுனா மூச்சு வாங்கினு நிக்குது. காதுல தறி ஓடுதாம்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னும் இன்னாடா?"

"வாய்க்கால்ல ரத்தம் வுடுது. பச்சை சாயம் போடற அன்னிக்கி."

நர்சம்மா வண்டியை ஸ்டாண்டு போட்டார். ஊசிப்பெட்டியை எடுக்கவில்லை. "பேயைக் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே வந்தவர் சின்னம்மாவின் முகத்தை ஒருமுறைதான் பார்த்தார். நைனாவையும் சித்தப்பாவையும் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னது எங்கள் எல்லோருக்குமே விசித்திரமாக இருந்தது: "ரெண்டு தறியையும் போட்டு வுடுங்கம்மா. நான் இந்தப் பொண்ணுகூட கொஞ்சம் பேசணும்."

தறிகள் இரைந்தன. ரகசியம் பேச எங்கள் வீட்டில் அதைவிட நல்ல அறை கிடையாது. அம்மா ஒரு தறியருகே முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் நூல் கற்றைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன.

நர்சம்மா சின்னம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம்போல இருந்தது. நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்பிலும் வயிற்றிலும் கை வைத்து ஏதோ கேட்டார். சின்னம்மா விரல்களை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். பிறகு நர்சம்மா தரையில் கிடந்த என் கோலிக்குண்டை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். இவ்வளவு பெரிதா என்று கேட்பதுபோல. சின்னம்மா இல்லை என்று தலையாட்டினாள். திருஷ்டிக்காகத் தறியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை மெதுவாகக் கைகாட்டினாள்.

பேய் எலுமிச்சம்பழம் கேட்கிறது என்று நினைத்தேன்.

நர்சம்மா கோலியைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சின்னம்மா அழுதுகொண்டே அவர் காதில் கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"...இருவது நாளா நிக்கவே இல்ல சிஸ்டர், யாருக்கும் தெரியாது! கிருத்திகை வரைக்கும் நிக்கற மாதிரி ஒரு மாத்திரை குடுத்துடுங்க!"

அவள் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. அம்மா திரும்பினாள். டீக்கடையிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றார்.

"இருவது நாளா?" என்றாள் அம்மா. "அப்ப இந்தப் பாவெல்லாம் நீதான தொட்டே?"

"ஆமாம்மா, தொட்டா" என்றார் நர்சம்மா. "ஒரு நூலு அறுந்துச்சா? ஒடம்புல ரத்தம் பாதிகூட இல்லாம உங்க தறிக்கு வேலை செஞ்சிகினு கீறா. ரத்தம் வத்திப்போனா சிலருக்கு மண்ணு, சாக்பீஸ் துன்ற ஆசை வரும். பேயுமில்ல, பிசாசுமில்ல."

"பால்குடம்..." என்றாள் சின்னம்மா.

"மலை எங்கயும் ஓடிப்போவாது. நீ இப்ப படி ஏறுனே, பாதியில வுயுந்து அங்கயே போயிடுவே. ஆட்டோ கூப்புடுங்க."

ஆட்டோ வந்தது. ஏறும்போது சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காட்டிக்கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெறுமனே பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது, அதை எடுத்தார்கள். கோலியும் எலுமிச்சம்பழமும் அவளுக்கு விழுந்த ரத்தக்கட்டிகளின் அளவு என்பது உட்பட, இவையெல்லாம் நான் பெரியவனான பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. அப்போது சித்தப்பா சொன்னது ஒன்றுதான் என் காதில் விழுந்தது: "யாரோ மூணு பேரு ரத்தம் இப்ப அவ ஒடம்புல ஓடுது." அன்று முதல் எனக்குப் பயம் இரட்டிப்பானது. கிருத்திகையன்று பால்குடத்தை நான் ஏந்தினேன். அரோகரா சத்தத்துக்கு நடுவே, வருகிறவள் எங்கள் சின்னம்மாவாகவே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தவளுக்கு உதடு சிவந்திருந்தது. உள்ளங்கையில் நிறம் இருந்தது. நூல் கற்றைக்குப் பின்னால் மூன்று சாக்பீஸ் வைத்துப் பார்த்தேன். நான்கு நாட்கள் அப்படியே கிடந்தன. ஐந்தாம் நாள் அவள் ஒன்றை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். என்னைத் திருப்பி நிறுத்தி என் முதுகில் ஒரு கழுதை வரைந்தாள். அவளேதான்.

நர்சம்மா வாரம் ஒருமுறை வந்தார். "இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடாத, எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு. வெளிக்கி கறுப்பா போவும், பயந்துக்காத. துணியை இருட்டுல ஒளிச்சி வெக்காத, வெய்யில்ல போடு." கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஆம்பிளைங்க நடமாடற எடம் என்றாள்.

எனக்கும் ஊசி போட்டார். அது தனிக்கதை, அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, சின்னம்மாவும் நானும் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தோம். அன்றும் பச்சைச் சாயம்தான். தண்ணீர் பச்சையாக வந்தது. அதன் ஓரமாக, சிவப்பாக ஒரு கோடு நெளிந்து வந்தது.

நான் சின்னம்மாவின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் என் கண் முன்னால்தான் இருந்தன, இட்லியும் சட்னியுமாக. அப்படியானால் துவைகல்லில் யார்?

தொட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா எழுந்து வந்தாள், பிழிந்த துணியை முந்தானைக்குள் மறைத்தபடி. எங்களைப் பார்த்ததும் நின்றாள். அவள் எப்போதும் சிவப்புச் சாய நாட்களில்தான் துணி துவைப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நிறம் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

சின்னம்மா கையைக் கழுவினாள். எழுந்து போய் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அம்மா குழந்தைபோல நின்றாள்.

"எத்தினி நாளாக்கா?"

அம்மா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சின்னம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நர்சம்மா வண்டி எந்தத் தெருவுல நிக்குதுன்னு ஓடிப் பாரு. பேய்னு சொல்லாத. அம்மான்னு சொல்லு."

ஓடினேன். சின்னம்மாவை விட்ட பேய் அம்மாவைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.