வேட்டி ஓரத்து விரல்கள்

மலாக்கா டவுனில் அன்றைக்கு ஓடிய கார்களில் பாதிக்கு எங்கள் வீட்டில் படம் இருந்தது. என் அண்ணிக்கு ஒரு படம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள், இத்தனை வருஷமாகியும் அது எனக்கே தெளிவாகவில்லை.

நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன், அண்ணி, தங்கச்சி நான், மூன்றே பேர். அண்ணன் அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். சைக்கிளில் வீட்டு வாசலுக்குத் திரும்பும்போதுகூட கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். சந்தில் ஒரு கோழி இருக்காது, ஆனாலும் நீட்டுவார். அண்ணி புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு வலது கைச் சுண்டு விரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், பிறவியிலேயே அப்படி. டீ குடிக்கும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "என்னா அண்ணி, துரைசானி மாதிரி குடிக்கிறீங்க!" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "ஆமா, நீதான் கேக் சுட்டுக் குடுக்கணும்" என்பார்.

மெர்டேக்கா, சுதந்திரம், வரப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடைய துரையும் கிளம்பினார். போகும்போது தன்னுடைய பழைய கேமராவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் போயிற்று. அண்ணனுக்குத் தெரிந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒருவர் துரைமார்கள் விட்டுவிட்டுப் போகிற கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். ஜாசின், மூவார் பக்கத்து ஆட்களுக்குக் காரைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது, படமாவது காட்டினால் நல்லது என்று அவர் சொல்ல, இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஆபீஸ் இல்லாத நாட்களில் கார்ப் படம் எடுப்பது என்று ஒரு கைத்தொழில் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே கொஞ்சம் வெற்றுத் திடல் இருந்தது. தவுக்கேயின் டிரைவர் காரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்துவான். முதலில் வந்தது ஒரு கறுப்புக் கார். அண்ணி அதை எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆக்கிவிட்டார். அண்ணன் படம் எடுத்தார். குளியலறை ஜன்னலில் சாக்கை அடித்து இருட்டாக்கி, பிலிமைத் தானே கழுவிப் படம் போட்டு, தவுக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தவுக்கே பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். பளபளவென்று இருந்த கார்க் கதவில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியும் அதில் தொங்கிய சாரோங் கைலிகளும், கேமராவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிற அண்ணனும் அப்படியே விழுந்திருந்தார்கள். "கிராணி, நான் விக்கிறது காரா, சாரோங்கா? இது யாரு, குனிஞ்சு நிக்கிறது? கார் வாங்குனா இந்த ஆளும் கூட வருவானா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். "இங்க பாரு, படத்துல கார் மட்டும்தான் இருக்கணும். ஆள் தெரிஞ்சா காரைப் பாக்க மாட்டான், ஆளைத்தான் பாப்பான்."

அண்ணன் முகம் தொங்கிப்போய் வந்து சொன்னார். நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. யோசனை பண்ணிக்கொண்டே உள்ளே போய், அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டிய எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கண்ணாடிக்கு முன்னால வெள்ளையக் காட்டுனா வெள்ளைதானே தெரியும்? இதை நான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். கொடியும் தெரியாது, நீங்களும் தெரிய மாட்டீங்க" என்றார்.

அவ்வளவுதான் சூட்சுமம். அதற்குப் பிறகு எந்தக் கார் வந்தாலும் அண்ணன் சாய்வாக நின்று எடுப்பார், அதன் மூக்குப் பக்கத்தில் அண்ணி நிற்பார், தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உச்சி முதல் பாதம் வரை வேட்டிக்குப் பின்னால்தான் அவர். "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்பார் அண்ணன். "கை கழண்டுபோகுதுங்க, சீக்கிரம்!" என்று வேட்டிதான் பேசும். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும்போது தெரியாத ஓரம் படத்தில் கூடுதலாக விழும். அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வேட்டிக் கரையும் அதைப் பிடித்திருக்கிற அண்ணியின் விரல்களும் வந்துவிடும். அண்ணன் சவர பிளேடை எடுத்து, மரச் சட்டத்தை வைத்து, அந்த ஓரத்தை நேர்க்கோடாக வெட்டிப் போட்டுவிட்டுத்தான் தவுக்கேயிடம் கொடுப்பார். வெட்டிய துண்டுகளை நான் கூட்டிக் குப்பையில் கொட்டுவேன்.

"அண்ணியை ஒரு படம் எடேன் அண்ணா" என்று நான் சொல்லாமல் இல்லை. அவர்கள் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, அங்கே ஏது கேமரா? அண்ணன் எடுக்கிறேன் என்றுதான் நின்றார். அண்ணிதான் பிடி கொடுக்கவில்லை. "விக்கிற சாமானைத்தானே படம் எடுக்குறீங்க? என்னைய யாருக்கு விக்கப் போறீங்க?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிட்டார். "எனக்குத்தான் ஐ.சி.யில படம் இருக்கே, பேய் முழிக்கிற மாதிரி. அதுவே போதும்." கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, படம் பிடித்து, எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தார்களே, அந்தப் படம். அதில் அண்ணிக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். நிஜமாகவே முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்புறம் அண்ணி முழுகாமல் இருந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படம் எடுக்கக் கூடாது என்று தோட்டத்திலிருந்து வந்த அவருடைய அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணியும் அதைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை பொறக்கட்டும். மூணு பேருமா சேர்ந்து ஒண்ணு எடுப்போம். அன்னைக்கு நான் வேட்டிக்கு முன்னால நிப்பேன்."

மெர்டேக்கா வந்தது. ஊரே கொடியும் விளக்குமாக இருந்தது. அது முடிந்து சில வாரங்களில் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை வந்தது, இரத்தம் நிற்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். என்னால் இதற்கு மேல் அதை எழுத முடியாது. அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள்.

இறந்தவர்களுடைய கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். சாம்பல் கரைத்த கையோடு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போய், மரணத்தைப் பதிந்து, அண்ணியின் ஐ.சி.யையும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை. யாரும் கேட்டு வரவும் இல்லை. கிராணி புத்தி!

பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டு விளக்கு வைத்தபோது, அண்ணியின் அம்மா, "என் புள்ளை படம் எங்க தம்பி?" என்று கேட்டார். அண்ணன் கை, ஐ.சி. இன்னும் அங்கே இருப்பது போல, தன்னால் சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அன்றைக்குச் சந்தில் திரும்பும்போது கை நீட்டவில்லை.

ஆபீசில் இருந்த மலாய்க்காரர் நல்ல மனிதர். எழுந்து வந்து அண்ணன் தோளைத் தொட்டு, கார்டு எல்லாம் மேலிடத்துக்குப் போய்விட்டது, அங்கே அழித்துவிடுவார்கள், மன்னிச்சிடு என்றாராம். அண்ணன் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நான் கத்தினேன். "கையில கேமராவை வச்சிக்கிட்டு, ஊரான் காரையெல்லாம் படம் பிடிச்சியே! அந்தக் கார்டைத் தரையில வச்சி ஒரே ஒரு படம் எடுத்துட்டுக் குடுத்திருக்கக் கூடாதா? இந்தப் பிள்ளை நாளைக்கு அம்மா எங்கேன்னு கேட்டா எதைக் காட்டுவே?" படையல் இலையில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலையில் அவர் நெகடிவ் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கார், கார், கார். ஒன்றில்கூட முகம் இல்லை, வேட்டி கொஞ்சம் இறங்கிய படம்கூட இல்லை. அண்ணி அவ்வளவு ஒழுங்காகப் பிடித்திருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் ஓரத்தில் விரல்கள் இருந்தன. பிளேடு காகிதத்தைத்தானே வெட்டியது, நெகடிவை வெட்டவில்லை. இருப்பதில் தெளிவான ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரிதாக்கிக் கொடுக்கச் சொல்லி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார். அது அந்த முதல் கறுப்புக் கார், வேட்டி பிடித்து மறுபடி எடுத்த படம்.

படம் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டூடியோக்காரர் படத்தைக் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னார்: "ஓரத்துல யாரோ விரலை நீட்டிக் கெடுத்து வச்சிருந்தாங்க. நீங்க சொல்லாமலே நான் அதை எடுத்துட்டேன்."

அண்ணன் அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்டூடியோக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னதும், விரல்களோடு வேறு படம் போட்டுக் கொடுத்து, சட்டமும் தானே மாட்டிக் கொடுத்தார்.

அதைத்தான் முன்னறைச் சுவரில் மாட்டினோம். படம் முழுக்க ஒரு கறுப்புக் கார், ஓரத்தில் கொஞ்சம் வேட்டிக் கரை, நான்கு விரல்கள். நாங்கள் மாலை போட்டோம். விரல்களுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் குங்குமம் வைத்தோம். பக்கத்து வீட்டு ந்யோன்யா, மலாய் பேசுகிற மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மா, வந்து பார்த்துவிட்டு, "கெரெத்தாவுக்கா, காருக்கா மாலை போட்டிருக்கீங்க?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து அருகே கூட்டிப்போய் விரல்களைக் காட்டினேன். "அலாமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தவுக்கே மறுபடி கார் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். கேமரா பெட்டிக்குள் போனது.

பிள்ளை வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் ஒரு காலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இறங்குடி! என்னா பண்றே?"

"மாலை அம்மாவை மறைக்குது அத்தை." அப்படியே கண்ணாடிமேல் தன் விரல்களை வைத்தாள், அந்த நான்கு விரல்களுக்குப் பக்கத்தில். "அப்பா, இங்க வாங்க. அம்மாவுக்கும் சின்ன விரல் கோணலா இருக்கு!"

தினமும் அவளுக்குச் சோறு ஊட்டி, அந்தக் கையைக் கழுவி, எழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த விரலைப் பார்க்காமலா இருந்தேன்? அண்ணியுடையதுதான் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் வந்து பார்த்தார். "கையை எடுக்காதே கண்ணு, அப்படியே நில்லு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே போய்ப் பிலிம் வாங்கி வந்து பெட்டியிலிருந்து கேமராவை எடுத்தார். அதுவரை அவள் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.

படத்துக் கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது, அண்ணன் உருவமும் விழுந்தது. எனக்குப் பழைய ஞாபகம் வந்து, அலமாரியிலிருந்து அந்த வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, விரித்துப் பிடிக்கப் போனேன்.

"வேணாம்மா. மறைக்காதே" என்றார் அண்ணன்.

அந்தப் படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அண்ணன் மகள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாள். அவள் விரல்களுக்குப் பக்கத்தில் அண்ணியின் விரல்கள். படத்துக் கண்ணாடிக்குள், காரின் மேலே நிழலாக விழுந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டு அண்ணன் குனிந்து நிற்கிறார். அண்ணி கேட்டபடி, மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது இது ஒன்றுதான்.