ஜன்னலக்காவின் மூணாம் நம்பர்

ரப்பர் ஷீட்டை இரு கையாலும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ம்" என்பார். "ம்" என்றால் முதல் தரம், இடப்பக்கம் போகும். "ச்சீ" என்றால் இரண்டு. ஒன்றும் சொல்லாமல் வலப்பக்கம் வீசினால் மூன்று. ரப்பர் ஏற்றுமதிக் கிடங்கில் இருபத்தாறு வருடமாக இதுதான் அவர் வேலை. எல்லோருக்கும் அவர் ஜன்னலக்கா.

புகை போட்டுக் காயவைத்த ஷீட் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றிருந்தால் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கப்பலில் போவதற்குள் அந்தத் திட்டில் பூஞ்சை பிடித்துவிடும். புதிதாக வரும் பெண்களுக்கு அக்கா சொல்வது இவ்வளவுதான்: "சந்தேகமா இருந்தா மூணுல போடு. கப்பல் ஏறினப்புறம் யோசிச்சு என்ன புண்ணியம்?"

இடுப்பில் கத்தரிக்கோல், உடம்பெல்லாம் புகை வாசனை. "பஸ்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. ராணி மாதிரி போவேன்" என்று சிரிப்பார்.

ஒரு வருடமாக ஷீட்டை மோந்து பார்த்தார், கட்டைவிரலால் தடவினார். அனுபவம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். டீ கிளாஸை மேசைக்கு வெளியே வைத்து இரண்டு முறை உடைத்தார். எதிர் மேசையில் ஏற்றுமதிக் காகிதம் தட்டச்சு செய்யும் எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நானும் ஒரு மனுஷன்!

போன மாதம் ஒரு கண்டெய்னர் முழுக்கப் பூஞ்சையோடு திரும்பி வந்தது. கூடவே வாங்குபவரின் கடிதம்: பக்கத்து நாட்டில் விலையும் குறைவு, ஒவ்வொரு கட்டுக்கும் இயந்திரச் சோதனைச் சீட்டும் உண்டு, உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. எங்களுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வாடிக்கையாளர்தான். ஷீட்டைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று மேனேஜர் புகைக்கூடத்துக்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். "விறகைக் குறைக்கல சார், பிள்ளைங்க மேல சத்தியம்" என்று அவர் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அக்கா மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

"அவரைத் திரும்பக் கூப்பிடுங்க சார். நாலு ஷீட்ல ஈரம் நிக்கத்தான் செய்யும். அதைப் பிடிக்கத்தானே நான் இருக்கேன்? எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. வேலை போயிடும்னு மறைச்சுட்டேன்."

"மெதுவாப் பேசுங்கக்கா! கண்ணு தெரியாதவங்க தரம் பிரிச்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா, இருக்கிற ஒருத்தனும் ஓடிருவான். போய் உங்க இடத்துல நில்லுங்க. அடுத்த கண்டெய்னர் முழுக்க முதல் தரம் வேணும்."

"அவரு?"

"அவன் போனது போனதுதான்."

எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை; அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா ஜன்னலடிக்கு வந்து முதல் ஷீட்டைத் தூக்கினார். என் மேசையிலிருந்தே தெரிந்தது, சுத்தமான தேன் நிறம், ஒரு திட்டு இல்லை. "ம்" வரவில்லை. வலப்பக்கம் வீசினார். அடுத்ததையும் அப்படியே. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் வலப்பக்கம் அவர் மார்பு உயரத்துக்கு அடுக்கு ஏறிவிட்டது. இடப்பக்கம் வெறும் தரை. மேனேஜர் ஓடிவந்து, "என்னக்கா பண்றீங்க?" என்று கத்தினார்.

அக்கா திரும்பவில்லை. இன்னொரு ஷீட்டை விரித்து, வெளிச்சத்துக்கு நேராக வெகுநேரம் பிடித்திருந்து, வலப்பக்கம் வீசினார்.