ஐந்தாவது கோல்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு கோல் விழுவதை நான் நேராகப் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள். திருப்புறத்தில் பிறந்தவள் நான். அண்ணன்மார் மூன்று பேரும் பந்துக்குப் பின்னால் ஓடியே பரீட்சையில் தோற்றவர்கள். ஆஃப்சைடு எது என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்கு வாழ வந்த பிறகு, ஆட்டம் என்றால் என் வீட்டுக்காரர் கூட்டாளிகள் வீட்டுக்குப் போய்விடுவார். பெண்கள் அங்கே போக முடியாது. வீட்டில் நானே போட்டுப் பார்க்கலாமென்றால் அடுப்பு விடாது. டிவியில் கூச்சல் கேட்டு ஓடி வருவேன். திரும்பக் காட்டுவதைத்தான் பார்ப்பேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷ ஃபுட்பால் உலகக் கோப்பையின்போது முடிவெடுத்தேன். கூட்டம் என் வீட்டில்தான் கூடும், நான் முன்னால்தான் உட்காருவேன்.

“எல்லாரையும் இங்க கூப்பிடுங்க. கிழங்கும் மீன்கறியும் நான் வைக்கியேன்,” என்றேன் அவரிடம். “ஆனா ஆட்டம் தொடங்கினா எழும்பமாட்டேன். வேணுங்கிறவன் எடுத்துப் போட்டுத் திங்கணும்.”

“அது மரியாதை இல்லடீ.”

“மரியாதை பாத்துப் பாத்துத்தான் ஒரு கோலும் பாக்கல்ல.”

நைஜீரியாவும் ஸ்பெயினும் மோதிய சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் பிரேசில் கட்சி, பாதிப் பேர் அர்ஜென்டினா கட்சி. இந்த ஆட்டமென்றால் அடிபிடி இல்லாமல் எல்லோரும் வருவார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடக்கம். அப்போது கேரளத்தில் தினமும் மாலை அரைமணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள், ஊருக்கு ஒரு நேரமென்று முறை வைத்து. எங்கள் முறை எட்டரைக்கு. அதையும் யோசித்துத்தான் நாள் குறித்தேன்.

மூன்று மணிக்கே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, சாளை மீன்கறியைச் சட்டியோடு முன்னறை மேசையில் வைத்தேன். தட்டு, அகப்பை, ஃபிளாஸ்கில் பால் விடாத கட்டன்சாயா, தண்ணீர்க் குடம் எல்லாம் பக்கத்திலேயே. கலர் டிவிக்கு நேர் எதிரே என் நாற்காலி.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான், குற்றம் சொல்லக்கூடாது. ஆனால் ஒருவருக்கும் சட்டியில் கைவைக்கத் துணிவில்லை. வீட்டுக்காரி தட்டில் போட்டு விளம்பாமல் விருந்தாளி எடுத்துச் சாப்பிடுவது எங்கள் பக்கம் பழக்கமில்லை. “சேச்சி, இத்திரி வெள்ளம்,” என்று தண்ணீர் கேட்டார் கோட்டுகாலிலிருந்து வந்த ஒருவர். குடத்துப் பக்கம் திரும்பினேன், முதல் கோல் விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொருவர் கறி கேட்டார். சட்டிக்குள் அகப்பையை விட்டேன், இரண்டாவதும் போயிற்று.

“இனி ஆரு கேட்டாலும் நான் எழும்பமாட்டேன், சொல்லியாச்சு!” என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

இடைவேளை முடிந்து பந்து உருளத் தொடங்கியதும் கரண்ட் போயிற்று. மணி ஏழு. எங்கள் முறை மாறும் நாள் அன்றுதான். அவ்வப்போது மாறும் என்று தெரிந்தும் நான் விசாரிக்கவில்லை. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

“எலே, தமிழ்நாட்டுக்கு ஓடுங்கலே!” என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய தங்கச்சி வீடு கூப்பிடு தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே தமிழ்நாட்டுக் கரண்ட். ஆளுக்கொரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நானும் கதவைப் பூட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வாழைத்தோட்டத்தைத் தாண்டும்போதே அங்கிருந்து டிவிக் கூச்சல் கேட்டது. மூன்றாவது கோல்.

நாத்தனார் மாப்பிள்ளை கல்ஃபில் இருந்தார். அவள் தனியாக இருந்த வீட்டில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. இத்தனை ஆண்களைக் கண்டதும் அவள் நேரே அடுக்களைக்கு நடந்தாள். இருபது நிமிஷத்துக்கு மேலாகியும் அவள் வெளியே வராதது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்தேன்.

“வா மக்கா, வந்து இருந்து பாரு.”

“வந்தவங்களுக்குச் சாயா குடுக்காண்டாமா மைனி?”

“அவங்களுக்கும் கை உண்டு.”

அவளை இழுத்துக்கொண்டு வருவதற்குள் நாலாவதும் விழுந்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு. எனக்கு அழுகையே வந்தது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

அப்போது வாசலில் நின்றவர் யாரோ, “அங்க கரண்டு வந்தாச்சு!” என்றார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. கலர் டிவி அங்கே, கிழங்கும் அங்கே.

“எட்டி, வா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“நான் வரல்ல. நடக்கிய நேரத்துல ஒண்ணு விழுந்தா?”

“அப்ப ஆரு விளம்புவா?”

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன். “நீங்கதானாக்கும்.”

அவர்கள் முற்றம் இறங்கி ரோட்டைத் தொட்டிருப்பார்கள். ஸ்பெயின்காரர் ஒருவர் தலையால் முட்டி வெளியே தள்ளிய பந்து, தூரத்தில் நின்ற நைஜீரியாக்காரரிடம் போயிற்று. ஓடிவந்து ஒரே உதை. காலில் பட்டதிலிருந்து வலைக்குள் போனதுவரை கண் இமைக்காமல் பார்த்தேன். என்னையறியாமல் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எதற்கென்றே தெரியாமல் நாத்தனாரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்படியொரு சந்தோஷம்.

ரோட்டில் பதினெட்டுப் பேரும் திரும்பி ஓடிவரும் சத்தம் கேட்டது. முதலில் உள்ளே பாய்ந்தவர் என் வீட்டுக்காரர். சாவியும் கையுமாக டிவிக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

“என்ன ஆச்சு? ஆரு அடிச்சது?”

நாத்தனார் இடது கையால் அவரை ஒதுக்கினாள்.

“அண்ணே, மறைக்காம தள்ளி நில்லுங்க. நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்.”